மேலோட்டின் அரசியல்: டி.வி. கேம் பெட்டியும் நம் நகல்களும்

வீடியோ கேம் பெட்டிகளின் வடிவமைப்பு வரலாறு என்று வழவழப்பான தாளில் படங்களுடன் புத்தகங்கள் வருகின்றன. அவற்றில் அதியமான்கோட்டை இருக்காது. இருந்தாக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தப் படங்களில் உள்ள பெட்டிகளில் ஒன்றைக்கூடத் தொடாமல், அவற்றின் நகல்களை மட்டுமே தொட்டு வளர்ந்த ஒரு தலைமுறை தருமபுரிப் பக்கம் உண்டு. நான் அதில் ஒருவன். எங்களுக்கு அது 'டி.வி. கேம்'. அதன் தலையில் செருகுகிற பொருள் 'கேசட்'. படம் வரவில்லை என்றால், 'எடுத்து ஊதிப் போடுறா' என்பதே வைத்தியம். மூலத்தையே பார்த்திராத எங்களுக்கு நகல் என்பது நகல்தானா? இந்தக் கேள்வியிலிருந்து அந்தப் பெட்டியின் மேலோட்டை, பட்டறை மொழியில் சொன்னால் 'பாடி'யை, வாசித்துப் பார்க்கலாம்.

இந்த வகைப் பெட்டிகளின் மேலோடு தொடக்கத்திலிருந்தே ஒரு மாறுவேடம்தான். அறுபதுகளின் இறுதியில் அமெரிக்காவில் ரால்ஃப் பேர் செய்த முன்மாதிரிக் கருவிக்கு 'பழுப்புப் பெட்டி' என்று பெயர். உலோகப் பெட்டியின்மேல் மரம்போல் தோன்றும் தாளை ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்து வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி 1972இல் விற்பனைக்கு வந்தது. 1977இல் வந்த அட்டாரியின் நெற்றியிலும் மரவரிகள். உள்ளே இருப்பது சிலிக்கான், வெளியே மரம் மாதிரி ஒரு பாவனை. டி.வி.யே நாற்காலி, அலமாரிகளோடு சேர்ந்த மரச்சாமானாக இருந்த நடுத்தர வர்க்கக் கூடத்தில், புதிதாக வந்தவன் பழைய குடித்தனக்காரன்போல் தோன்ற வேண்டியிருந்தது.

1983 ஜூலை 15இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வந்தது. மசாயுகி உவேமுராவின் குழு உருவாக்கியது. வெள்ளையும் கருஞ்சிவப்புமாக, பொம்மை என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்ட பெட்டி. கைப்பிடிகள் இரண்டையும் பக்கவாட்டுக் குழிகளில் சாத்தி வைக்கலாம். கம்பி பெட்டியோடு நிரந்தரமாக இணைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்தது. விற்காத கேசட்டுகளை அட்டாரி, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அலமொகோர்டோ என்ற ஊருக்கருகே புதைத்தது (2014இல் தோண்டி எடுத்தார்கள்). கடைக்காரர்கள் 'வீடியோ கேம்' என்ற சொல்லையே கேட்க விரும்பாத நேரம். அங்கே நுழைய நிண்டெண்டோ வேடம் மாற்றியது. லான்ஸ் பார் வடிவமைத்த சாம்பல் நிறப் பெட்டி 1985இல் நியூயார்க்கில் இறங்கியபோது, அது வி.சி.ஆர். போல இருந்தது. கேசட்டை வி.சி.ஆரில் போடுவதுபோல முன்பக்கமாகத் தள்ளி, கீழே அழுத்த வேண்டும். பெயரிலும் 'கேம்' இல்லை, 'கேளிக்கை அமைப்பு' என்றுதான் அழைத்தார்கள்.

இந்த வேடத்துக்கு ஒரு விலை இருந்தது. தள்ளி அழுத்தும் அந்த ஏற்பாட்டில் உள்ளே இருந்த ஊசிகள் நாளடைவில் தளர்ந்தன. படம் மினுங்கி மினுங்கி நின்றது. அமெரிக்கப் பிள்ளைகளும் எங்களைப் போலவே கேசட்டை ஊதினார்கள். 1993இல் அதே லான்ஸ் பார், மேலிருந்து நேராகச் செருகும் புதிய பெட்டி ஒன்றைச் செய்ய வேண்டிவந்தது. தோற்றத்துக்காக உறுப்பை வளைத்தால் நோய் வரும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் இல்லை.

இதன் பிறகு வருவது நகல்களின் காலம். ஃபேமிகாமின் பல சில்லுகளையும் ஒரே சில்லாகச் சுருக்க முடிந்தபோது, உள்ளுறுப்பு மலிவாகியது. மேலோட்டுக்கு இனி எந்தக் கட்டாயமும் இல்லை; எந்த அச்சில் வேண்டுமானாலும் வார்க்கலாம். தைவானிலிருந்து மைக்ரோ ஜீனியஸ். சோவியத் உடைந்த மறு ஆண்டே, 1992இல், ரஷ்யாவில் 'டெண்டி'. சீனாவில் சுபோர் நிறுவனம் அதே ஆட்டப் பெட்டியை விசைப்பலகைக்குள் வைத்து, 'படிக்கும் இயந்திரம்' என்று விற்றது. ஜாக்கி சான் விளம்பரத்துக்கு வந்தார். அமெரிக்காவில் மரச்சாமானாகவும் வி.சி.ஆராகவும் நின்ற அதே வேடதாரி, பிள்ளைகளின் படிப்புக்காக ஏங்கிய பெற்றோர் முன்னால் கம்ப்யூட்டராக வந்து நின்றான். மேலோடு வாங்குகிறவனின் ஆசையையும் பயத்தையும் பார்த்து வார்க்கப்படுகிறது.

இந்தியாவில் நிண்டெண்டோவின் அனுமதியோடு 'சாமுராய்' என்ற பெயரில் ஒன்று விற்றது. எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது அது இல்லை. மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களும், பெயரே இல்லாதவையும்தான் வந்தன. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கட்டிய சென்னை பர்மா பஜாரிலிருந்தும், அதைவிட அதிகமாகப் பெங்களூரிலிருந்தும் வந்தன. சேலம் – பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் எங்களுடையது. கட்டட வேலைக்குப் போன அண்ணன்மார் தீபாவளிக்குத் திரும்பும்போது பையில் எதைக் கொண்டுவந்தார்களோ அதுதான் எங்கள் தொழில்நுட்ப வரலாறு.

இனி கம்பிக்கு வருகிறேன். வடிவமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறத்தையும் வளைவையும் பார்க்கிறார்கள், கம்பியின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஃபேமிகாமின் கைப்பிடிக் கம்பி குட்டையானது, டி.வி.க்கு அருகிலேயே தரையில் உட்கார்ந்து ஆடுகிற ஜப்பானிய அறையை மனதில் வைத்துச் செய்தது. நகல்களின் கம்பியும் பெரிதாக நீளவில்லை. அதாவது ஆட வேண்டுமென்றால் டி.வி. இருக்கும் கூடத்துக்குள் நீ உட்கார்ந்தாக வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் எங்கள் ஊரில் யார் வீட்டுக் கூடத்துக்குள் யார் உட்காரலாம் என்பதை ஜப்பானியப் பொறியாளர் தீர்மானிக்கவில்லை. ஆனால் ஊர் தீர்மானித்து வைத்திருந்ததை அவருடைய கம்பி அப்படியே அமல்படுத்தியது. சினிமாவைச் சன்னல் வழியாகப் பார்க்கலாம், கிரிக்கெட்டைப் பார்க்கலாம். டி.வி. கேமைச் சன்னலுக்கு வெளியே நின்று ஆட முடியாது. கம்பி எட்டாது. அப்படி வெளியே நின்றவர்களில் நானும் உண்டு. 'நீ பாத்துக்கிட்டிரு, அவன் அவுட்டானதும் சொல்றேன்' என்பார்கள். அவன் அவுட்டான பிறகும் யாரும் சொன்னதில்லை.

நாங்கள் கைப்பிடியைத் தொட்டது வீட்டில் இல்லை, கடையில். ரேடியோ பழுதுபார்க்கும் கடைகள் சில, மூலையில் பழைய கறுப்பு வெள்ளை டி.வி. ஒன்றை வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு ஆட விட்டன. காசு கொடுத்தவன் ஸ்டூலில் உட்காரலாம், அவ்வளவுதான் விதி. சந்தையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. காசில்லாத நாட்களில் அந்த ஸ்டூலும் எங்களுக்கு இல்லை. ஆனாலும் கூடத்தின் விதியும் கடையின் விதியும் ஒன்றல்ல என்பதைப் பத்து வயதில் நாங்கள் கற்றுக்கொண்டது அந்தக் குட்டைக் கம்பியிடம்தான்.

அந்தக் கடைகளில்தான் மேலோடு கழன்றது. நான்கு திருகாணி. திறந்தால் பெரும்பாலும் காற்று. அவ்வளவு பெரிய பெட்டிக்குள் உள்ளங்கை அளவுப் பலகை. அதன் நடுவே கறுப்புப் பிசினால் ஒரு பொட்டு. மொத்தக் கருவியும் அந்தப் பொட்டுக்குள். 'உள்ள ஒண்ணுமே இல்லடா, பாடிக்குத்தான் காசு' என்று ஒரு கடைக்கார அண்ணன் சொன்னதை, பிற்பாடு படித்த பல கோட்பாட்டு நூல்களைவிடத் தெளிவான வாக்கியமாக நினைக்கிறேன். கம்பி அறுந்தால் ஒட்டலாம், பொத்தானுக்கடியில் ரப்பர் தேய்ந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வெட்டி வைக்கலாம், அடாப்டர் மாற்றலாம். பொட்டு செத்தால் எதுவும் செய்ய முடியாது. மலிவு என்பது பழுதுபார்க்கிறவனின் கையைக் கட்டிப்போடுவதுமாகும். நகல் நமக்குக் கதவைத் திறந்தது, உள்ளறையைப் பிசினால் பூசியும் வைத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1994இல் சோனியின் பிளேஸ்டேஷன் வந்தது. தெயு கோடோவின் வடிவமைப்பு, சாம்பல் நிறம், வட்ட மூடி. சில ஆண்டுகளில் நகல்களும் அந்த வேடத்துக்கு மாறின. 'பாலிஸ்டேஷன்' என்று பெயர். குறுந்தகடு போடும் வட்ட மூடியைத் திறந்தால் உள்ளே பழைய கேசட் துளை! இதை ஏமாற்று என்று சிரிக்கிற கட்டுரைகள் நிறைய உண்டு. சிரிப்பு யாருடையது என்று கேட்க வேண்டும். மரமல்லாததை மரமாகக் காட்டியதற்கு வடிவமைப்பு என்று பெயர். ஆட்டப் பெட்டியை வி.சி.ஆராகக் காட்டியதற்கு வணிக மேதைமை என்று பெயர். தருமபுரிச் சந்தைக்கு வந்த பெட்டி செய்தால் மட்டும் போலி. வேடம் எல்லோருக்கும் பொது. வேடத்துக்கு வைக்கப்படும் பெயர்தான் பொது இல்லை.

2006இல் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலக் குழாய்த் திரை. தேர்தல் அரசியல் என்று அதைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டோம். காலனி வீடுகளுக்குள் ஒரு திரை வந்ததும், சன்னல் தேவையில்லாமல் போனதும் அதிகம் எழுதப்படவில்லை. உலகம் கைவிட்ட கேசட் பெட்டிகள் அந்தத் திரைகளின் முன்னால் இன்னொரு முறை உயிரோடு இருந்தன. வாத்து சுடும் துப்பாக்கியும் வேலை செய்தது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி அந்த ஒளியைப் பிடிக்கும். குழாய்த் திரையின் வேகத்தை நம்பிச் செய்த ஏற்பாடு அது. தட்டைத் திரை வந்ததும் துப்பாக்கி செத்தது, வடிவம் மட்டும் மிஞ்சியது.

வடிவம் மட்டும் மிஞ்சுவதுதான் இன்றைய நிலை. 2016இல் நிண்டெண்டோ தன் பழைய சாம்பல் பெட்டியைக் கையடக்கமாக மறுபடி வெளியிட்டது. முன்மூடி இருக்கிறது, ஆனால் திறக்காது, கேசட்டும் கிடையாது. நிறுவனமே தன் மேலோட்டை நகலெடுத்து விற்றது. சேகரிப்பாளர்கள் மஞ்சளான பழைய பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி ஒளியில் வைத்து வெளுக்கிறார்கள். ரோலாந் பார்த் 1957இல் வெளியான தன் நூலில் பிரெஞ்சுப் பொம்மைகளைப் பற்றி எழுதும்போது, அவை குழந்தையைப் படைப்பவனாக ஆக்காமல் உடைமையாளனாகவே ஆக்குகின்றன என்று குறைப்பட்டார். மரம் போய் பிளாஸ்டிக் வந்ததும் அவருக்கு வருத்தம். அவர் சொன்ன உடைமையாளன் இப்போது வளர்ந்து சேகரிப்பாளன் ஆகிவிட்டான். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆகவில்லை. வெள்ளித்தாள் வெட்டிய பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

அதியமான்கோட்டைக்காரன் என்பதால் புறநானூற்றின் 95ஆம் பாட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அவை பளபளக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. புகழ்வதுபோல் இகழ்வது, இகழ்வதுபோல் புகழ்வது என்று வகுப்பில் இதற்கு விளக்கம் சொல்வார்கள். ஒரு பொருளின் வரலாறு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கும் அதுவே பதில் என்று எனக்குப் படுகிறது. பீலி சூட்டிய பெட்டிகளுக்கு அருங்காட்சியகம் உண்டு, விலையுண்டு, வடிவமைப்பாளர் பெயருண்டு. எங்கள் பெட்டிகளை வார்த்த அச்சுக்காரர், ஒட்டிய பெண்கள், திறந்து பார்த்த ரேடியோக் கடைக்காரர் – ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. அந்தக் கடைகள் பலவும் செல்போன் கடைகளாகிவிட்டன. பரணில் இன்னும் ஒன்றிரண்டு பெட்டிகள் கிடக்கலாம். கிடைத்தால் வெளுக்க வேண்டாம். திருகாணியைக் கழற்றி, யார் எங்கே எதை ஒட்டியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். அவர் உயிரோடு இருந்தால் போய்க் கேட்டு எழுதுங்கள்.