குடோன் யார் வீட்டுச் சொல்?

கிடங்கு தமிழ், குடோன் ஆங்கிலம் என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே குடும்பம் என்றால் நம்புவீர்களா?

பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி, பள்ளம். பிறகு சரக்கு கிடக்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. சோழமண்டலக் கரைத் துணியோடு நம் வணிகர்கள் மலாக்கா போனார்கள். மலாய் மொழியில் சரக்கறைக்கு 'குடாங்' என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த போர்த்துக்கீசியரும் அச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'கோடவுன்' ஆனது. அவர்களோடு நம் ஊருக்குத் திரும்பியபோது குடோன் ஆகிவிட்டது.

இந்த வழித்தடத்தைச் சொல்வது 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. மூலமாகத் தமிழின் கிடங்கையும் தெலுங்கின் கிட்டங்கியையும் காட்டுகிறது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தொழில் நடத்திய கட்டடங்களுக்கும் கிட்டங்கி என்றுதான் பெயர்.

அதே தஞ்சாவூரில்தான் 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தொடங்கியது. மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனம் 1957இலும் தமிழ்நாட்டு நிறுவனம் 1958இலும் வந்துவிட்டன. எழுத்தில் கிடங்கு, பேச்சில் குடோன் என்று இரண்டும் சேர்ந்தே வாழ்ந்தன.

உள்ளே போனால் சுமைதூக்கும் தொழிலாளர்களின் சொற்கள். மூட்டை அடுக்குக்கு 'அட்டி' என்பார்கள். தரை ஈரம் ஏறாமல் இருக்க அட்டிக்கு அடியில் மரச்சட்டம் போடவேண்டும். மருந்து அடிக்கவும் மூட்டைகளை எண்ணவும் சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விடவேண்டும். எந்த நாளில் எத்தனை மூட்டை வந்தது என்பதை அட்டியில் தொங்கும் அட்டை சொல்லும்.

இன்று இணையவழி வியாபாரக் கிடங்குகளில் இருப்பு 'இன்வென்டரி' ஆகிவிட்டது. கேட்ட பொருளைத் தேடி எடுப்பது 'பிக்கிங்'. 'ஃபிஃபோ' என்று பெரிதாகச் சொல்வதன் பொருள், முந்தி வந்தது முந்திப் போகணும் என்பதுதான். இதில் தவறினால் பழைய மூட்டை பின்னால் கிடந்து வண்டு பிடிக்கும். கடைசியில் அந்த அரிசியைப் புடைத்துப் பொங்குபவர் ரேஷன் வரிசையில் நின்றவர்தான்.

புதுச்சொல் வரட்டும், தவறில்லை. கடல் தாண்டிப் போய் உருமாறித் திரும்பிய நம் சொல்லையும், அட்டி போட்டவர்களின் சொல்லையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.