ஸ்காபரோவுக்கு வந்த வாள்

நமது பேச்சில் ‘வாள்’ என்றதும் ‘வெட்டு’ என்ற சொல் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. 1990களில் ரொறன்ரோவில் நமது இளைஞர்களிற் சிலர் குழுக்களாகப் பிரிந்து மோதிய காலத்தை ஸ்காபரோவில் வாழ்ந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். கத்தியும் துவக்கும் செய்தியாயின. ‘தமிழர்’ என்ற பெயரும் அவற்றோடு சேர்ந்தே அச்சேறியது.

2015 யூலையில் அதே ஸ்காபரோவுக்கு வேறொரு வாள் வந்தது. பான் அமெரிக்க விளையாட்டு விழாவின் வாள்வீச்சுப் போட்டிகள் மோர்னிங்சைட் வீதியில், பழைய குப்பைமேட்டைச் சுத்திகரித்து எழுப்பிய அரங்கில் நடைபெற்றன. பெண்களுக்கான ‘ஃபொயில்’ பிரிவில் அமெரிக்காவின் லீ கீஃபர் தங்கம் வென்றார். அவரது தாயார் பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறியவர்.

ஐரோப்பியப் பிரபுக்கள் மானத்தின் பெயரால் உயிர் பறித்த ஆயுதம் இது. பின்னர் அதன் முனையை மழுக்கி, முகத்துக்குக் கவசமிட்டு, விதி வகுத்தார்கள். 1896இல், முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே அது விளையாட்டாக இடம்பெற்றது. இன்று வாள் பட்டால் இரத்தம் வராது, மின்விளக்கு எரியும். தொடங்குமுன் எதிராளிக்கு வாளால் வணக்கம், முடிந்ததும் கைலாகு.

தமிழருக்கும் இது எட்டாத கலையல்ல. சென்னையில் 2004இல் பயிலத் தொடங்கி, வாளின் விலை கட்டுப்படியாகாமல் மூங்கிற் கழியோடு பழகிய பவானி தேவி, 2021இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கினார். வாள்வீச்சில் அங்கு சென்ற முதல் இந்தியர் அவரே. முதல் ஆட்டத்தை 15–3 என வென்றார்.

நமது இளைஞரிடம் துணிவு குறைந்திருக்கவில்லை. தோற்றவனும் தலைநிமிர்ந்து வீடு திரும்பும் களமொன்றுதான் அன்று அவர்களுக்கு வாய்க்கவில்லை. நமது ரொறன்ரோ வரலாற்றில் அந்த மரணங்களுக்கு அருகே இந்த அரங்கையும் நாம் எழுதிவைக்க வேண்டும்.