வேர்களை நாடும் கூட்டுமுயற்சி

வரலாறு முடிமன்னர்க்கு மட்டும் உரியதன்று. காடு வெட்டிப் பால்மரம் நட்ட கைகளுக்கும் வரலாறு உண்டு. ஆயினும், மலாயாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் பல, பாட்டனார் பெயருக்கு அப்பால் ஒரு தலைமுறையையும் சொல்லவியலாத நிலையில் இருக்கின்றன. இக்குறையைத் தனியொருவர் போக்குதல் அரிது. கூடிக் கற்றால் எளிது.

ஒப்பந்தக் கூலிமுறை 1910-ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. கங்காணிகள் வழியே ஆள் சேர்க்கும் முறை, 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நீடித்தது. இவ்வாறு வந்தோருள் பலர் எழுத்தறியாதவர். அவர்தம் பெயரைத் தோட்டத்து எழுத்தர், தம் செவியில் விழுந்தவாறே ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே முனியாண்டி மூன்று ஏடுகளில் மூன்று விதமாக எழுதப்படுவதுண்டு. மேலைநாட்டார் குடும்பப்பெயரைக் கொண்டு முன்னோரைத் தேடுவர். தந்தையின் பெயரையே தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நமக்கு அவ்வழி பயன்படாது. ஒவ்வொரு தலைமுறையிலும் தலைப்பெழுத்து மாறிவிடுமன்றோ!

ஊர்ப்பெயர்களும் மயக்கந் தருவன. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆயிற்று. நாகப்பட்டினமோ 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பழைய பெயரை அறியாதவர் கணினியின்முன் எத்துணை நேரம் அமர்ந்தாலும் வெறுங்கையோடுதான் எழுவர்.

இங்கேதான் கூட்டுக் கல்வியின் சிறப்பு விளங்குகிறது. இளையோர்க்கு இணையத்தில் தேடும் திறம் உண்டு; முதியோர்க்குத் தோட்டத்தின் பெயரும் உறவுமுறையும் நினைவில் உண்டு. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றியுள்ளது. 1935-இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அவற்றுள் அடங்கும். 1978-இல் தமிழகத்தில் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் அச்சேறிய ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கணினி பிழையாகப் படிக்கக்கூடும். மூத்தோர் கண்கள் தயங்காமல் படித்துவிடும். இளையவர் பக்கத்தைக் கண்டெடுப்பார். முதியவர் அதன் பொருளைக் கண்டெடுப்பார்.

கற்போர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில உள. அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்லுதல் முதல் நெறி. வீட்டுப் பெட்டியிலுள்ள பிறப்புப் பத்திரம், 1948-இல் மலாயாவில் தொடங்கிய ஆள் பதிவின்போது பெற்ற அடையாள அட்டை, திருமண அழைப்பிதழ், ராஜூலா போன்ற கப்பலில் வந்தோரின் பயணச் சீட்டு ஆகியவற்றை முதலில் தொகுத்தல் வேண்டும். ஒரு பெயருக்கு எத்தனை எழுத்து வடிவங்கள் இயலுமோ அத்தனையையும் எழுதிக்கொண்டு தேடுதல் இரண்டாம் நெறி. பெயர் ஒத்திருந்தால் மட்டும் உறவு என்று துணியாமல், ஊர், ஆண்டு, தந்தை பெயர் ஆகியவற்றையும் ஒப்பிடுதல் மூன்றாவது. ஒருவர் மகிழ்ச்சியில் விரைந்து முடிவுகட்டும்போது, மற்றவர் சான்று கேட்பதே குழுவின் பெரும்பயன்.

மற்றொன்றும் மறத்தலாகாது. குலப்பெருமை பேசுதற்கு இத்தேடல் கருவியாகிவிடக் கூடாது. உயிரோடிருப்போரின் செய்திகளை அவர் இசைவின்றி ஊரறியச் செய்தலும் கூடாது.

ஏடுகள் நாளையும் இருக்கும். அவற்றின் பொருளுரைக்கும் முதியோர் நாளை இருப்பரோ? தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. அங்கு வாழ்ந்தோரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். ஆகவே, ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணினியைச் சுற்றி நான்கு நாற்காலிகளை இடுவோம். அவற்றுள் ஒன்றில் ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கட்டும்!