தொகையீட்டு உருமாற்றங்கள்: பெயரும் உறவும்

ஒருவர் பெயரால் வழங்கும் நெறி, பிறர் பலரது உழைப்பால் உருப்பெற்றிருத்தல் இலக்கிய வரலாற்றில் நாம் பலகாலும் காண்பதொன்று. கணித வரலாற்றிலும் இந்நிலை உண்டு. மின்குறிகளை ஆராய்வார் இன்று கையாளும் ஃபூரியே உருமாற்றம், லாப்லாஸ் உருமாற்றம் என்னும் இரண்டும் இதற்குச் சான்றாவன.

வெப்பம் பரவும் இயல்பினை ஆராய்ந்த ஃபூரியே, 1807-இல் பாரிசு நகரத்து அறிஞர் கழகத்தின்முன் ஓர் ஆய்வுரை அளித்தார். எத்தகைய சார்பினையும் சைன், கொசைன் அலைகளின் கூட்டாகப் பகுக்கலாம் என்பது அவர்தம் துணிபு. லக்ராஞ்சு அதனை ஏற்றிலர். அதனை ஆராய்ந்த குழுவில் லாப்லாசும் ஒருவர். 1811-இல் விரித்தெழுதி அளித்த உரை மறு ஆண்டு பரிசு பெற்றது. ஆயினும், நிறுவலில் கண்டிப்புப் போதாது என நடுவர்கள் குறை கூறினர். நூல் 1822-இல்தான் வெளிவந்தது.

லாப்லாஸ், நிகழ்தகவு பற்றிய தம் ஆராய்ச்சியில் வேறுவகைத் தொகையீடுகளைக் கையாண்டார். அவர் மறைந்து பல்லாண்டு கழிந்தபின், தந்திப் பணியாளராயிருந்த ஹெவிசைடு, கம்பிவழிச் செல்லும் மின்குறிகளைக் கணிக்க முற்பட்டார். வகையிடுதலையே ஓர் எண்போலக் கொண்டு பெருக்கியும் வகுத்தும் விடை கண்டார். விடைகள் பொருந்தின, நிறுவல் இல்லை. அவரது கட்டுரையின் மூன்றாம் பகுதியை இலண்டன் அரசக் கழகம் 1894-இல் மறுத்தது. 1916-இல் பிராம்விச்சு, கலப்பெண் தளத்துத் தொகையீட்டால் அம்முறைக்கு அடிப்படை வகுத்தார். 1937-இல் டெட்சு எழுதிய நூல் அதனை லாப்லாசின் பெயரால் முறைப்படுத்தியது.

இனி, இவற்றின் உறவு யாது? ஃபூரியே முறை, குறியினைத் தேய்வில்லாத அலையொன்றால் பெருக்கி, எல்லாக் காலத்துக்கும் தொகையிடுகின்றது. காலந்தோறும் பெருகிச் செல்லும் குறிக்கு அத்தொகை எல்லையற்றுப் போகும். லாப்லாஸ் முறையோ, தேயும் அலையால் பெருக்கிச் சுழியக் காலம் முதலே தொகையிடுகின்றது. ஆதலின் அளவோடு பெருகும் குறிகளும் அதனுள் அடங்கும். குறி சுழியத்தில் தொடங்குவதாயின், தேய்வினைச் சுழியமாக்கியபோதும் தொகை எல்லைக்குட்படுமிடத்து, லாப்லாஸ் உருமாற்றம் ஃபூரியே உருமாற்றமே ஆகின்றது. தேய்வூட்டப்பட்ட குறியின் ஃபூரியே உருமாற்றமே லாப்லாஸ் உருமாற்றம் எனினும் அமையும்.

நிறுவல் குறைவென்று நடுவரால் பழிக்கப்பட்ட ஃபூரியேயின் பெயர் நிலைத்தது. அதே குறைக்காகப் புறந்தள்ளப்பட்ட ஹெவிசைடின் நெறியோ, ஃபூரியேயை ஆராய்ந்த நடுவர் ஒருவரது பெயரைப் பெற்றது. நிறுவல் வருமுன் பயன்பட்ட கருத்தினைப் பொய்யென ஒதுக்குதல் தகாது. அவ்விரண்டும் ஒரு குடியின என்பதைப் பின்வந்த நிறுவலே விளக்கிற்று என்பதும் மறக்கற்பாலதன்று.