சத்தம் போடாத பெட்டி

எங்கள் வீட்டுப் படப்பெட்டி 2022 ஏப்ரலில் நின்றுபோனது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இலங்கை முழுக்க மின்வெட்டு. அதற்குப் பிறகும் கரண்ட் போவதும் வருவதுமாகத்தான் இருந்தது. ஓரிரவு கரண்ட் வந்தது, ரீவி வேலை செய்தது, பெட்டியின் பச்சை வெளிச்சம் மட்டும் வரவில்லை. அதற்கு எப்போதுமே சத்தம் கிடையாது என்பதால் காது கொடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. மேலே கையை வைத்தேன். சூடு இல்லை.

ரீவிக்குக் கீழே வைத்து, வீட்டில் உள்ள படங்களையும் பாட்டுகளையும் கலியாண வீடியோக்களையும் சேமித்து, ஒரு றிமோட்டால் போட்டுப் பார்க்கிற சிறிய கொம்பியூட்டர் அது. ஆங்கிலத்தில் ஹோம் தியேட்டர் பிசி என்றார்கள். அம்மா படப்பெட்டி என்றா, வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. கடையில் முழுதாக வாங்கியவர்கள் குறைவு. ஒவ்வொருவரும் தங்கள் கைக்காசுக்கும் தங்கள் வீட்டுக்கும் ஏற்ற மாதிரிச் சேர்த்துக் கட்டினார்கள். நான் கட்டியது திருமலைப் பக்கத்து நிலாவெளியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு வீட்டுக்கு.

இந்த ஊரில் வீட்டில் படம் பார்ப்பது என்றால் முதலில் நினைவுக்கு வருவது படமல்ல, சத்தம். யுத்த காலமான தொண்ணூறுகளில் ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுப்போம். நாலைந்து வீட்டார் காசு போடுவார்கள். லான்ட்மாஸ்டரில் சாமான் வந்து இறங்கும். பின்வளவில் கிடங்கு வெட்டி ஜெனரேற்றரை அதற்குள் இறக்கி, சுற்றிவர மணல் மூட்டை அடுக்கி, நீள வயர் இழுத்து முற்றத்தில் ரீவியை வைப்பார்கள். மணல் மூட்டை அடுக்கினாலும் ஜெனரேற்றரின் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். விடியும் வரை மூன்று படம். பாட்டு வரும்போதுதான் வசனம் தெளிவாகக் கேட்காத குறை தெரியாது.

அந்த இரவுகளில் அப்பா ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. ஜெனரேற்றர் ஓடினால் றோட்டில் என்ன வருகிறது என்று கேட்காது. நாய் குரைப்பதும் கேட்காது. அதனால் விறாந்தையில் கதிரையைப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, றோட்டைப் பார்த்தபடி இருப்பார். “சத்தம் குறைஞ்ச மெசின் ஒண்டும் இல்லையோ” என்று ஜெனரேற்றர்க்காரரிடம் ஒவ்வொரு முறையும் கேட்பார். சத்தம் என்றால் எங்களுக்குக் காதுக்கு இடைஞ்சல் மட்டுமல்ல. நாங்கள் விழித்திருக்கிறோம், கூடியிருக்கிறோம், இன்ன வளவில் இருக்கிறோம் என்று இருட்டுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்.

2009 இல் யுத்தம் முடிந்து, இரவில் லைற்றை எரியவிட்டுத் தூங்கப் பழகிய பிறகுதான் எனக்கு இந்தப் பெட்டியின் ஆசை வந்தது. முதலில் கிடைத்தது ஏதோ ஒரு அலுவலகம் கழித்த பென்ரியம் 4 கொம்பியூட்டர். அதன் பிந்திய வகைகள் புரொசெசர் ஒன்றுக்கே 84 வாட்டிலிருந்து 115 வாட் வரை சூட்டைக் கக்குபவை. அந்தச் சூட்டை வெளியே தள்ள உள்ளே மூன்று விசிறி. நிலாவெளியின் சித்திரை வெக்கையில் அவை மூன்றும் உச்சத்தில் சுழன்றன. படத்தில் யாராவது தாழ்ந்த குரலில் பேசினால் அம்மா எழுந்துபோய் ரீவிக்குப் பக்கத்தில் நின்று கேட்பா.

விசிறியை அடக்க ஒரு பழைய வித்தை உண்டு. கொம்பியூட்டருக்குள் மஞ்சள் வயரில் 12 வோல்ற், சிவப்பு வயரில் 5 வோல்ற் வரும். விசிறியின் ஒரு முனையை மஞ்சளிலும் மறுமுனையைச் சிவப்பிலும் கொடுத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 7 வோல்ற், அதில் அது மெதுவாகச் சுழலும். சுழற்சி பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். காதுக்கு அது பெரிய ஆறுதல். செய்து பார்த்தேன். சத்தம் இறங்கியது, சூடு ஏறியது, இரண்டாம் கிழமை மெசின் படத்தின் நடுவில் அணைந்துபோனது.

திருமலை ரவுணில் திருத்துகிற நானாவிடம் கொண்டுபோனேன். திறந்தவர் உள்ளே விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை எனக்குக் காட்டினார். “நிலாவெளியா தம்பி? அப்ப உப்புத்தான்.” விசிறி கடற்காற்றை நாள் முழுக்க உள்ளே இழுத்திருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை உறிஞ்சிக் கசியும். எங்கள் ஊரில் அது பல இரவுகளில் நடக்கிறது. அந்தக் கசிவுதான் செம்பை அரித்து, முனைகளில் பச்சை பூக்க வைக்கிறது. நானா நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துத் துப்புரவாக்கிப் போட்டார். மெசின் எழுந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யவேண்டி வரும் என்றும் சொன்னார்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வெளியூரில் இப்படிப் பெட்டி கட்டுகிறவர்கள் விசிறியை எடுத்துவிட ஆசைப்படுவது அமைதிக்காக. கடற்கரையில் அது ஆயுளுக்காகவும்தான். விசிறி இல்லாத பெட்டி காற்றை வலிந்து இழுக்காது, காற்றை வலிந்து இழுக்காத பெட்டி உப்பை அவ்வளவாகத் தின்னாது.

தைவானின் வியா நிறுவனம் 2001 இலேயே 17 சென்ரிமீற்றருக்கு 17 சென்ரிமீற்றர் அளவில் மதர்போட் வகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. 2008 இல் இன்ரெல் அற்றம் என்ற 4 வாட் புரொசெசரைப் போட்டு அதே அளவில் மலிவாக ஒன்று விற்றது. ஆனால் பக்கத்தில் இருந்த சிப் புரொசெசரை விடப் பல மடங்கு சூடு கக்கியதால், அதன் தலையில் சின்ன விசிறி ஒன்றை வைத்துக் கெடுத்தார்கள். சின்ன விசிறிதான் கீச்சென்று அதிகம் கத்தும். 2011 இல் ஏஎம்டி இ-350 வந்தது. 18 வாட்டுக்குள் புரொசெசரும் படம் விரிக்கும் பகுதியும் ஒரே சிப்பில். முழு உயர்தரப் படத்தைத் திக்காமல் விரித்துக்காட்டும். சில கொம்பனிகள் விசிறியே இல்லாமல், கனத்த அலுமினியச் செதில்களை மட்டும் வைத்து அதை விற்றன. இரவு மெயிலில் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி, அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த இரவே திரும்பினேன். சீட்டுக்காசு முழுவதும் அதில் போனது.

கூடு வாங்கக் காசு மிஞ்சவில்லை. வீடியோக்கடை ஒன்று மூடும்போது எறிய வைத்திருந்த பழுதான டெக் ஒன்று கிடைத்தது. அதன் குடலை எல்லாம் எடுத்துவிட்டு மதர்போட்டை உள்ளே வைத்தேன். அளந்து செய்தது போல இருந்தது. அடித்தகட்டிலும் மேல் மூடியிலும் துளைகள் போட்டேன். சூடான காற்று மேலே ஏறி வெளியே போக, குளிர்ந்த காற்று கீழிருந்து தானாக வரும். பல்லி உள்ளே போய் முட்டையிடாதபடி துளைகளுக்கு நுளம்புவலைத் துண்டு ஒட்டினேன். ஹாட் டிஸ்க்கின் நடுக்கம் தகரத்தில் ஏறினால் உறுமும், அதனால் பழைய சைக்கிள் ரியூபை வளையமாக வெட்டி அதில் டிஸ்க்கை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டேன். பெட்டிக்குக் கால், தேய்ந்த றப்பர் செருப்பிலிருந்து வெட்டிய நாலு துண்டு. கசெட் போடுகிற வாயின் மூடியை மட்டும் எடுக்கவில்லை. அதைத் தள்ளினால் உள்ளே பென் டிரைவ் செருகுகிற இடம் இருக்கும்.

அதில் லினக்ஸும் எக்ஸ்பிஎம்சியும் போட்டேன், இரண்டும் இலவசம். 2014 இல் கோடி என்று பெயர் மாறிய மென்பொருள்தான் எக்ஸ்பிஎம்சி. எக்ஸ்பொக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதத் தொடங்கி, பிறகு எல்லாக் கொம்பியூட்டர்களுக்கும் வந்தது. முழுப் பெட்டியும் படம் ஓடும்போது சுமார் 25 வாட் எடுத்தது. ரீவிக்கு 50 வாட். ஒரு 40 ஆம்பியர்-மணிப் பற்றறியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இன்வேர்ட்டர் வழியாகக் கொடுத்தால் இரண்டரை மணித்தியாலம் ஓடும். கரண்ட் இல்லாத இரவிலும் ஒரு தமிழ்ப் படத்துக்கு அது போதும், அதுவும் ஜெனரேற்றர் இல்லாமல்.

கச்சான் காலத்தில் காற்று ஓய்ந்திருந்த ஓரிரவு முதன்முதலாகப் போட்டோம். அந்த மாதங்களில் நிலாவெளிக் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும், அலைச் சத்தமும் பெரிதாக இராது. வாடைக்காலத்தில் என்றால் எந்த விசிறியின் சத்தத்தையும் கடல் மூடிவிடும். இந்த அமைதியில்தான் பெட்டியைச் சோதிக்க முடியும். எனக்குக் கேட்டது சுவர் மணிக்கூட்டின் சத்தம் மட்டுமே. ‘திருவிளையாடல்’ போட்டேன். அப்பா வழக்கம்போல விறாந்தைக் கதிரைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். “எல்லாம் கேக்குது,” என்றார். ரீவியை மட்டும் சொன்னாரா, றோட்டையும் சேர்த்துச் சொன்னாரா தெரியாது. கடைசி வரை இருந்து பார்த்தார்.

அடுத்த வருஷம் மாமி கனடாவிலிருந்து ஒரு கசெட் கொடுத்தனுப்பினா. 1989 இல் நடந்த அவவின் கலியாண வீடியோ. எங்களிடம் இருந்த பிரதியை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனது, அம்மம்மாவையும் அன்றைக்குத்தான் கொண்டுபோனது. டெக் ஒன்றை இரவல் வாங்கி, ஈஸிகேப் என்கிற சின்னக் கருவியால் கசெட்டைப் பெட்டிக்குள் ஏற்றினேன். நாடா பழசு, இரைச்சல் நிறைய. தாலி கட்டி முடிந்து, கமரா சனத்துக்குள் திரும்பும் இடத்தில், படத்துக்கு வெளியே இருந்து ஒரு குரல்: “தம்பி, அந்த லைற்றை அங்கால பிடி. கண் கூசுது.” அம்மம்மா. முகம் இல்லை, குரல் மட்டும், அதுவும் நாலு செக்கன். அம்மா திரும்பப் போடச் சொன்னா. திரும்பத் திரும்பப் போட்டோம். பென்ரியம் 4 இன் மூன்று விசிறிகளுக்கு நடுவில் அந்த நாலு செக்கன் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பெட்டியை எது கொன்றது? எங்கள் வீட்டில், கரண்ட் வந்து போனதில் 12 வோல்ற் அடப்டர் போனது, அது போகும்போது மதர்போட்டையும் கொண்டுபோனது. திறந்து பார்த்தேன், உள்ளே உப்பு இல்லை. நாட்டில் டொலரும் இல்லை, பாகமும் இல்லை. ஆனால் பெட்டி போய் ஒரு கிழமையாகியும் வீட்டில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. தங்கச்சியின் பிள்ளைகளுக்குக் கையில் போன் இருந்தது. அதுதான் உண்மையான சாவு.

வெளியுலகத்திலும் இப்படித்தான். மைக்ரோசொப்ட் 2002 இலிருந்து விண்டோஸில் வைத்திருந்த மீடியா சென்ரரை 2015 இல் விண்டோஸ் 10 உடன் எடுத்துவிட்டது. சின்னப் பெட்டிகளை என்யூசி என்ற பெயரில் விற்ற இன்ரெல் 2023 இல் அந்தத் தொழிலைக் கைகழுவி ஏசூஸிடம் கொடுத்தது. ரீவியே கொம்பியூட்டராகிவிட்டது. அதற்குள் வருகிற மாதச் சந்தாப் படங்களோ, சொந்தமாகக் கட்டிய லினக்ஸ் பெட்டியைக் கண்டால் படத்தின் தெளிவைக் குறைத்துக் காட்டின. அங்கீகாரம் பெற்ற சாதனத்துக்குத்தான் முழுத் தெளிவும். 

புதிய ரீவிக்கும் விசிறி இல்லை, அதுவும் சத்தம் போடாது. ஆனால் அது பேசுகிறது. திரையில் என்ன ஓடுகிறது என்று பார்த்து எங்கோ அனுப்புகிற வசதி பல ரீவிகளில் உண்டு. வீட்டாரிடம் கேளாமல் அப்படிச் சேகரித்ததற்காக அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 2017 இல் 22 லட்சம் டொலர் கட்டித்தான் வழக்கை முடித்தது. எங்கள் டெக் கூட்டுக்குள் இருந்த பெட்டி என்ன படம், எத்தனை மணிக்கு, யார் வீட்டில் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. மணல் மூட்டை அடுக்கி நாங்கள் தேடிய அமைதி அதுதான். காட்டிக்கொடுக்காத ஒரு சாமானை வீட்டில் வைத்திருந்தோம், அதன் அருமை தெரியாமலே இருந்தோம்.

ஹாட் டிஸ்க் தப்பிவிட்டது. சைக்கிள் ரியூப் வளையத்தோடு அதைக் கழற்றி, இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, இரண்டையும் ஈரம் புகாத பிஸ்கட் ரின்களில் வைத்து, ஒன்றை ரவுணில் தங்கச்சி வீட்டில் கொடுத்திருக்கிறேன். நாலு செக்கனும் அதில் இருக்கிறது.

வீட்டு அலுமாரியில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று எழுதிய கசெட்டுகள் யாரிடமாவது இருந்தால் ஒரு வார்த்தை. உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இனி இருக்கிற டெக்குகள்தான், அவையும் குறைந்துகொண்டே போகின்றன. நல்ல வெயில் காலத்தில், நாடா ஒட்டிக்கொள்ளுமுன், யாரிடமாவது ஓடுகிற டெக் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிரதி எடுத்துவிடுங்கள். வருகிற மாரிக்கு முன்னால் செய்யுங்கள்.