முடிசூட்டுக்கு முந்தின இரவு

'நாடோடி மன்னன்' படத்தைப் பார்க்காதவர்கூட அதன் கதையைச் சொல்லிவிடுவார். மன்னனுக்கு முடிசூட்டு விழா நெருங்குகிறது. அதற்குள் ராஜகுருவின் ஆட்கள் அவனுடைய பானத்தில் மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். மன்னன் சாய்கிறான். அவனைப்போலவே முகஜாடை உள்ள நாடோடி ஒருவன் அரியணையில் போய் உட்காருகிறான். சதிகாரர்களுக்குத் தொண்டையில் முள். "இவன் மன்னன் இல்லை" என்று கத்தினால், "அப்படியானால் மன்னன் எங்கே, உனக்கு எப்படித் தெரியும்?" என்று சபை கேட்குமே! ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்களே வாயைக் கட்டிக்கொண்டு வணக்கம் போடவேண்டிய நிலை.

இந்தப் பொறியை வைத்தவர் சென்னைக்காரர் அல்ல, லண்டன் வக்கீல் ஒருவர். 1893 நவம்பர் 28ஆம் தேதி ஆண்டனி ஹோப் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கை ஜெயித்துவிட்டு டெம்பிள் பகுதியிலிருந்த தன் அறைக்கு நடந்துகொண்டிருந்தார். போகிற வழியில் ருரிடேனியா என்று இல்லாத நாடு ஒன்று மனதில் உதித்தது. ஒரு மாதத்தில் கதையை எழுதி முடித்துவிட்டார். 1894இல் 'ஜெண்டாவின் கைதி' வெளிவந்து விற்ற வேகத்தில் வக்கீல் தொழிலுக்கே முழுக்குப் போட்டார். இன்னொரு விஷயமும் உண்டு. 1892இல் வைக்கம்ப் தொகுதியில் லிபரல் கட்சிக்காக நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றவர் அவர்.

ஹோப்பின் கதையில் சதிகாரன் மன்னனின் தம்பி முறையான மைக்கேல். தலைநகரமே அவன் பிடியில் இருக்கிறது. மன்னனின் முகம் கொண்டவன் விடுமுறைக்கு வந்த ஓர் ஆங்கிலேயக் கனவான். சதியை முறியடித்து, அரியணையை உரியவரிடம் ஒப்படைத்து, காதலித்த இளவரசியையும் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறான். 1898இல் வந்த இரண்டாம் பாகத்தில் உண்மை மன்னன் செத்தே போகிறான். இனி நாயகனே ஆளலாம் என்ற கட்டம் வந்ததும், அவன் முடிவைச் சொல்வதற்குள் யாரோ சுட்டுவிடுகிறார்கள். வெளியாளை இரண்டு முறை அரியணை வரை கூட்டிவந்து, இரண்டு முறையும் ஆளவிடாமல் தடுத்துவிட்டார் ஹோப். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வந்த மறு வருடமே கதை நியூயார்க்கில் மேடை ஏறியது. 1913இல் அடால்ப் சூகரின் கம்பெனி அதை ஊமைப்படமாக எடுத்தது.

குற்றாலம் மலைக்கு அந்தப் பக்கம் இதற்கு ஒரு பங்காளிக் கதை தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1891இல் சி.வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் 'மார்த்தாண்டவர்மா' நாவலை வெளியிட்டார். திருவிதாங்கூர் பட்டத்துக்கு உரிய இளவரசரை ஒழிக்க, மன்னரின் மகன்களான தம்பிமாரும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் போடும் சதிதான் கதை. அதற்கும் மேல்நாட்டுத் தாய்மாமன் உண்டு: வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ'. 1933இல் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் இந்த நாவலை ஊமைப்படமாக எடுத்தார். திருவனந்தபுரத்தில் படம் ஓடத் தொடங்கியதுமே, நாவலின் உரிமை தங்களுடையது என்று புத்தகக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். படச்சுருள் பறிமுதலாகி அவர்கள் கிடங்கில் முடங்கியது. 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனபோதும் அது உயிரோடு இருந்தது. ஒழுங்காக வெளியாகி ஊர் ஊராக ஓடிய 'காளிதாஸ்' போன்ற படங்களுக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. அனுமதியின்றி எடுத்ததாகப் பிடிபட்ட படம் பிழைத்துக்கொண்டது!

ஜெண்டாவுக்குத் திரும்புவோம். 1936 டிசம்பரில் இங்கிலாந்து அரசர் எட்டாம் எட்வர்ட் காதலுக்காக முடியைத் துறந்தார். 1937 மே மாதம் தம்பிக்கு முடிசூட்டு விழா. உலகமே இங்கிலாந்து அரண்மனையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், ரொனால்ட் கோல்மனை இரட்டை வேடத்தில் போட்டு ஜெண்டாவை எடுத்துவிட்டார். மறு வருடம் அதே கோல்மன் 'நான் மன்னனானால்' என்று பொருள்படும் இன்னொரு படத்தில் நடித்தார். அதில் அவர் பாரிஸ் தெருக்களில் திரிந்த 15ஆம் நூற்றாண்டுக் கவிஞன் வில்லோன். பதினோராம் லூயி மன்னர் அவனை ஒரு வாரத்துக்கு அதிகாரத்தில் உட்கார்த்தி வேடிக்கை பார்க்கிறார்.

அந்தச் சமயத்தில் 'மாயா மச்சீந்திரா' படப்பிடிப்புக்காகக் கல்கத்தா போயிருந்த ஓர் இளம் துணை நடிகர் அந்த வில்லோன் படத்தைப் பார்த்தார். அவர்தான் எம்.ஜி. ராமச்சந்திரன். 'நான் மன்னனானால்' என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது, இருபது வருடம் விடவில்லை. கோல்மனின் அடுத்தடுத்த இரண்டு படங்களும் பின்னால் ஒரே தமிழ்ப் படத்துக்குள் வந்து சேர்ந்தன. ஜெண்டா சதியைக் கொடுத்தது, வில்லோன் ஆசையைக் கொடுத்தான்.

காப்பி அடிப்பதில் நம்மவர்கள் மட்டும்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். 1952இல் எம்.ஜி.எம். நிறுவனம் ஜெண்டாவை வண்ணத்தில் மறுபடி எடுத்தபோது, 1937 படத்தைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டே ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்தது. பழைய பின்னணி இசையைக்கூட விடவில்லை.

சென்னையில் கதை அவ்வளவு சுலபமாக இறங்கிவிடவில்லை. நடிகை பானுமதியும் தன் பரணி பிக்சர்ஸுக்காக இதே ஜெண்டாவின் மேல் கண் வைத்திருந்தார். எம்.ஜி.ஆரும் எடுக்கிறார் என்று தெரிந்ததும் விட்டுக்கொடுத்தார். எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்திலேயே மதனாவாக நடிக்கவும் செய்தார். இயக்க வந்த கே. ராம்நாத் 1956இல் காலமானார். எம்.ஜி.ஆரே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். தயாரிப்பாளர், இயக்குநர், இரண்டு கதாநாயகர்கள் என எல்லாம் ஒரே ஆள். ராஜகுருவாக பி.எஸ். வீரப்பா, பிங்கலனாக நம்பியார். வசனம் கண்ணதாசனும் ரவீந்தரும். பாதிக்கு மேல் போனதும் சரோஜாதேவி வருகிறார், அவரோடு கேவா கலரும் வருகிறது. மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் படம் 1958 ஆகஸ்ட் 22 அன்று வெளியானது. ஜெயித்தால் மன்னன், தோற்றால் நாடோடி என்று எம்.ஜி.ஆர். சொன்னதாக இன்றும் பேச்சு உண்டு.

ஹோப் தடுத்த இடத்தில்தான் இந்தப் படம் விளையாடுகிறது. போலி மன்னன் வீராங்கன் சதியை முறியடிப்பதோடு நிற்காமல் ஆளவே தொடங்கிவிடுகிறான். நிலம், கல்வி, திருமணம் என்று சட்டம் சட்டமாக அறிவிக்கிறான். வெள்ளைக்கார வாசகனுக்கு அரியணை உரியவர் கைக்குத் திரும்பினால் போதுமானதாக இருந்தது. தமிழ் ரசிகனோ, கைக்குக் கிடைத்த நாற்காலியில் இருந்து ஏதாவது செய்யாமல் எப்படி இறங்குவது என்று கேட்டான். எம்.ஜி.ஆர். அப்போது இருந்த திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு அது தேர்தல் அறிக்கை போலவே இருந்தது. படம் மக்களாட்சியில் போய் முடிவதில் வியப்பில்லை.

குற்றாலம் மலைக்கு இந்தப் பக்கம், சுரண்டைச் சுற்று வட்டாரத்துக்கு இது வெறும் மாயாஜாலமாகத் தெரிந்திருக்காது. பக்கத்து வீரகேரளம்புதூரில்தான் ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை ஆதரித்த அதே ஜமீன். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. கொஞ்சம் மேற்கே செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. திருவிதாங்கூர் மகாராஜா அதுவரை ராஜப்பிரமுகராக, அதாவது மாநிலத் தலைவராக இருந்தார். திரையில் படுத்துக் கிடக்கும் மன்னனின் பெயர் மார்த்தாண்டன். யாரை மனதில் வைத்துச் சூட்டினார்களோ, மலையடிவாரத்தில் அந்தப் பெயருக்குத் தனி எடை உண்டு. டூரிங் டாக்கீஸ்களில் ஒரே புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்ற மாற்ற இடைவேளை. மணலைக் குவித்து உட்கார்ந்த கூட்டத்துக்கு, மன்னன் போட்ட சட்டத்தைப் பற்றிச் சண்டை போட நேரம் தாராளமாகக் கிடைத்தது.

கதை வேறு திசையிலும் நடந்தது. சரதிந்து பந்தோபாத்யாய் ஜெண்டாவை வங்க நாவலாக்கி, நாட்டுக்கு 'ஜிந்த்' என்று பெயர் வைத்தார். 1961இல் தபன் சின்ஹா அதைப் படமாக்கினார். உத்தம்குமார் இரட்டை வேடம், சௌமித்ர சாட்டர்ஜி வில்லன்.

அதற்குள் சதிகாரர்கள் அங்கியைக் கழற்றி ராணுவ உடுப்பு மாட்டத் தொடங்கியிருந்தார்கள். 1962 ஜனவரி 27 அன்று இலங்கையில் ராணுவ, கடற்படை, போலீஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள். கூடவே இருந்த போலீஸ் அதிகாரி ஒருவர் மனைவியிடம் சொல்ல, மனைவி எம்.பி.யான தன் அப்பாவிடம் சொல்ல, திட்டம் அன்றிரவே கவிழ்ந்தது. அமெரிக்காவில் 'மே மாதத்தின் ஏழு நாட்கள்' நாவல் வந்ததும் அதே ஆண்டு. ஜெனரல் ஒருவர் ஜனாதிபதியைத் தூக்க நினைக்கிறார், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் கர்னலே போட்டுக்கொடுத்துவிடுகிறார். அதைப் படமாக எடுக்கவேண்டும் என்று கென்னடியே விரும்பினார். 1964இல் படம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

தமிழில் உடுப்பு மாறவில்லை. 1977 ஜூன் 30 அன்று வீராங்கன், அதாவது எம்.ஜி.ஆர்., நிஜமாகவே முதலமைச்சராகப் பதவியேற்றுக் கோட்டைக்குப் போனார். 2006இல் சிம்புதேவன் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' எடுத்தார். ராஜகுரு இடத்தில் நாசரின் சங்கிலிமாயன், இரண்டு முகங்களும் வடிவேலுவுக்கு. நல்ல வடிவேலு அரியணை ஏறியதும் முதலில் செய்தது என்ன? கேலிப்படமாக இருந்தாலும், வீராங்கனைப் போலவே வரிசையாகச் சட்டம் போடத் தொடங்கினார்.