விற்பவர் ஏடும் முதலாளி ஏடும்

வாணிக வரலாறு எழுதுவோர் கப்பலையும் முத்தையும் துகிலையும் பற்றி நிறைய எழுதியிருக்கின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூசு’ என்னும் கிரேக்க நூலில் ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துகில் குறிக்கப்படுகிறது. அவ்வூர் நம் உறையூரே என்பது அறிஞர் கருத்து. ஆனால், அத்துகிலை விற்றவன் தன்னிடம் வாங்கியவரை எவ்வாறு நினைவில் வைத்திருந்தான்? மாணவர்களே, அந்தச் சிறு கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

திருச்சி பெரிய கடைவீதியில் பழைய கடைகளில் கணக்குப்பிள்ளை அமர்ந்து நாளேடும் பேரேடும் எழுதுவார். யார் எவ்வளவு பாக்கி என்பதைப் பேரேடு காசு பிசகாமல் சொல்லும். வாங்கியவர் எப்படிப்பட்டவர் என்பதை மட்டும் அது சொல்லாது. அது விற்பவர் தலைக்குள் இருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வரும் வெளியூர்க் குடும்பத்தைச் சித்திரை வீதித் துணிக்கடைக்காரர் தொலைவிலேயே அடையாளம் கண்டு, “சென்ற ஆண்டு எடுத்த மாம்பழ நிறம் மகளுக்குப் பிடித்ததா?” என்று கேட்டு வரவேற்பதை நீங்களும் பார்த்திருக்கலாம். அந்த விற்பனையாளர் வேறு கடைக்குப் போனால் வாடிக்கையும் அவர் பின்னே போய்விடும். எல்லா ஊர் முதலாளிகளுக்கும் இந்த அச்சம் உண்டு. விற்பவரின் மறதி ஒருபுறம், முதலாளியின் அச்சம் ஒருபுறம். இவ்விரண்டின் பிள்ளையே இன்று ‘சி.ஆர்.எம்.’ என வழங்கும் வாடிக்கையாளர் உறவு மென்பொருள்.

அரங்கன் கோயில் இராசகோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்த அதே 1987ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டல்லசு நகரில் பாட் சல்லிவன், மைக் முகனி என்னும் இருவர் ‘ஆக்ட்’ என்ற மென்பொருளை வெளியிட்டனர். இருவரும் விற்பனைத் தொழிலில் இருந்தவர்கள். யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம், மறுபடி எப்போது கூப்பிட வேண்டும் என்பதை விற்பவர் தமக்காகவே குறித்துக்கொள்ளும் கருவி அது. 1993இல் தொடங்கிய சீபெல் நிறுவனத்தின் மென்பொருளோ பெருநிறுவனங்களுக்கு விற்கப்பட்டது. வாங்க முடிவு செய்தவர் தலைமையகத்தில் இருந்தார். எழுத வேண்டியவர் வெயிலில் அலைந்துகொண்டிருந்தார். இந்தப் பிரிவினையே பின்வந்த தொல்லைகளுக்கெல்லாம் வேர் என்பது என் துணிபு.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் இரண்டு ஏடுகளை எனக்குக் காட்டினார். ஒன்று, அன்றாடம் கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கை: பார்த்த மருத்துவர் இத்தனை பேர், கொடுத்த மாதிரி மருந்து இத்தனை. இரவில், பேருந்தில் வரும்போது எழுதியது. மற்றொன்று சட்டைப்பையில் வைக்கும் நீல ஏடு. அதில், “உறையூர் மருத்துவர் நோயாளிகள் போன பிறகே பேசுவார், மகன் பன்னிரண்டாம் வகுப்பு, தேர்வு முடியும்வரை சுருக்கமாகப் பேசுக” என்றிருந்தது. விற்பனைக்கு உதவுவது எது என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஆய்வாளருக்காக எழுதும் பாடக்குறிப்பும், எந்தப் பையனுக்குப் பின்னக் கணக்கு வரவில்லை என்று ஆசிரியர் தமக்காகக் கிறுக்கி வைக்கும் துண்டுச் சீட்டும் என் நினைவுக்கு வந்தன.

இத்துறையில் நம் நாட்டார் பங்கும் பெரிது. சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனம் 2005இல் தன் சி.ஆர்.எம். மென்பொருளை வெளியிட்டது. அங்குப் பணியாற்றியவர் கிரிஷ் மாத்ருபூதம், திருச்சியில் வளர்ந்தவர். மலைக்கோட்டைத் தாயுமானவரின் வடமொழிப் பெயரே மாத்ருபூதம் என்பதை நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2010இல் அவர் தம் நண்பருடன் சேர்ந்து சென்னையில் தொடங்கிய நிறுவனம், முதலில் வாடிக்கையாளர் குறைகளுக்கு விடை சொல்வோருக்கு உதவும் மென்பொருளைச் செய்தது. இன்று அதன் பெயர் பிரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பர் 22 அன்று அதன் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஏறின. செய்தித்தாள்கள் அந்நாளையே கொண்டாடின. எனக்கோ 2016 தான் முக்கியம். அவ்வாண்டில் விற்பனையாளருக்கென்றே ‘பிரெஷ்சேல்ஸ்’ வந்தது. தொலைபேசியும் மின்னஞ்சலும் அதனுள்ளேயே அமைந்திருந்தன. விற்பவர் திரையிலிருந்தே வாடிக்கையாளரைக் கூப்பிடுவார். கூப்பிட்ட செய்தி தானே ஏட்டில் ஏறிவிடும். வேலை முடிந்தபின் அதை எழுதுவது இன்னொரு வேலையாக இல்லாமல், வேலையே எழுத்தாகிவிடுகிறது. இரவுப் பேருந்தில் அறிக்கை எழுதியவர்க்குத்தான் இதன் அருமை தெரியும்.

இதனால் களைப்புத் தீர்ந்தது. அச்சம் தீர்ந்ததா? என் மாணவரின் கம்பெனியும் அண்மையில் கைப்பேசிச் செயலிக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு மருத்துவர் பெயருக்குக் கீழும் பிற குறிப்புகளுக்கு இடம் உண்டா என்று அவரைக் கேட்டேன்.

“உண்டு, சார். ஆனால், அதை எங்கள் மேலாளரும் படிப்பார்” என்றார். நீல ஏடு இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.